புகை விடும் லாரி, பாக்கி நிற்கும் தவணை: முதலில் எதற்குப் பணம்?

2024 செப்டம்பர் 18, மாதவரத்திலிருந்து ஒரு கேள்வி

என்னிடம் ஆறு சக்கர லாரி ஒன்று இருக்கிறது. 2016 மாடல், 2022இல் பழைய வண்டியாக வாங்கினேன். 10 லட்சம் கடன், நான்கு ஆண்டு, வட்டி 9 சதவீதம்தான் என்றார்கள். மாதத் தவணை 28,333 ரூபாய். இப்போது இரண்டு தவணை பாக்கி. மணலியிலிருந்து ஒரகடத்துக்கு லோடு ஓட்டுகிறேன். ஒரு மாதமாக வண்டி நீலமாகப் புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் முழு எஞ்சின் வேலை, 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தினமும் கட்டுகிற தண்டலில் பணம் தருவதாகச் சொல்கிறார். கிரெடிட் கார்டில் 70,000 ரூபாய் நிற்கிறது. மனைவியின் நகை இருக்கிறது, தொட மனமில்லை. வண்டியை விற்றுவிடலாமா, வேலை பார்த்தால் தேறுமா?

செப்டம்பர் 18, இரவு, என் பதில்

விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பேசலாம். தண்டல்காரருக்கு மட்டும் இன்று எந்தப் பதிலும் சொல்லாதீர்கள் தம்பி. அந்தக் கணக்கை நாளை போட்டுக் காட்டுகிறேன்.

வண்டிக்கு வருகிறேன். மெக்கானிக் புகையைப் பார்த்தவுடன் முழு எஞ்சின் என்றாரா, எதையாவது கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா? நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான் பொருள். அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதில்தான் உங்கள் 1,80,000 ரூபாய் இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் சீல் தேய்ந்து அந்தக் காற்றோடு சேர்ந்து போகலாம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் வால்வு கைடும் சீலும் தேய்ந்து மேலிருந்து வழியலாம். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்து கீழிருந்து ஏறலாம். முதல் இரண்டுக்கும் முழு எஞ்சினைப் பிரிக்கத் தேவையே இல்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே லேசான பசை இருந்தால் கவலை வேண்டாம். ஆயில் தேங்கி நின்றால் சந்தேகம் டர்போ மேல். அதன் விசிறியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆடி உறையில் உரசினால் அதன் ஆயுள் முடிந்தது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்து, மேலே எரியும் வாயு கீழே இறங்குகிறது. இதற்கெல்லாம் பிறகு ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் தொகை சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். என் கணவர் ஓட்டுகிறார், நான் கணக்கு எழுதுகிறேன். மூலக்கடைப் பக்கம் பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பில்லுக்காகக் காத்திருந்து கற்றுக்கொண்டது. பணம் கொடுப்பவளுக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

செப்டம்பர் 19, காலை

தண்டல் கணக்கு. சென்னையில் பரவலாக ஓடுவது இப்படித்தான்: 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 8,500 வரும். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். அந்த 100 நாளில் சராசரியாக உங்கள் கையில் நின்ற பணம் அதில் பாதிதான். ஒழுங்காகக் கணக்கிட்டால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம்.

உங்களுக்கு 1,80,000 ரூபாய் கையில் வேண்டுமென்றால் நாளுக்கு 2,100 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, மழை நாளும் உண்டு. எஞ்சின் பிரிந்து பட்டறையில் கிடக்கும் நாளும் உண்டு.

காலையில் கோயம்பேட்டில் பூ எடுத்து மாலைக்குள் விற்றுவிடுகிற அம்மாவுக்குத் தண்டல் எப்படியோ ஒத்துப்போகிறது, அவர் பணம் தினமும் சுற்றி வருகிறது. லாரி வாடகை வருவதற்கு இரண்டு மாதம் ஆகும். தினமும் கேட்கிற கடனை எப்போதோ வரும் வருமானத்தில் கட்ட முடியாது.

செப்டம்பர் 19, மதியம்

சோற்றை வடித்துவிட்டு இன்னொரு கணக்கும் போட்டேன். உங்களுக்குச் சொன்ன 9 சதவீதம் ஃபிளாட் வட்டி. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 90,000, நான்கு ஆண்டுக்கு 3,60,000. மொத்தம் 13,60,000ஐ 48ஆல் வகுத்தால் உங்கள் 28,333 வந்துவிடுகிறது. குறைந்துகொண்டே வரும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது ஏறக்குறைய 16 சதவீதக் கடன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி புலம்பிப் பயனில்லை. ஆனால் வேறு எந்தக் கடனோடு ஒப்பிட்டாலும் இந்தப் பக்கம் 16 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 21

ஆவடியிலிருந்து ஒரு நண்பர், "விற்றுத் தலைமுழுகுங்கள், டிரைவர் வேலைக்குப் போனால் நிம்மதி" என்று எழுதியிருக்கிறார். நிம்மதி உண்மைதான். ஆனால் புகை விடும் லாரியைப் பார்க்க வரும் தரகர் முதலில் குனிந்து பார்ப்பது சைலன்சரை. எஞ்சின் வேலைக்கு ஆகும் தொகையை விட அதிகமாகவே விலையில் குறைப்பார். ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருப்பதால் மீதிக் கடனை மொத்தமாக அடைக்காமல் பெயர் மாற்றமும் நடக்காது. விலை போதாமல் கடனில் மிச்சம் நின்றால், வண்டியும் இல்லாமல் கடன் மட்டும் இருக்கும். விற்பதாக இருந்தாலும் ஓடுகிற வண்டியாக விற்க வேண்டும்.

அதற்காக வண்டியை ஓரமாக நிறுத்தி வைத்து யோசித்துக்கொண்டிருக்கவும் முடியாது. தவணையை 30ஆல் வகுத்தால் நாளுக்கு 944 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு, 12 டன்னுக்கு மேல் 20 டன் வரை உள்ள சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 35,313 ரூபாய். அது வரி சேர்க்காமலே நாளுக்கு 97. ஆக ஒரு சொட்டு டீசல் ஊற்றாமல், சாவியைத் திருப்பாமல், நாளுக்கு 1,040 ரூபாய் போகிறது. சாலை வரி, பெர்மிட், டிரைவர் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்" என்று கேட்பவர்கள் "எத்தனை நாள் ஆகும்" என்று கேட்பதில்லை. 5,000 ரூபாய் குறைத்துக்கொண்டு கூடுதலாகப் பத்து நாள் போட்டு வைப்பவர் உங்களுக்கு 5,400 ரூபாய் நஷ்டம் வைக்கிறார், வாடகையில் போவது தனி.

செப்டம்பர் 25

தம்பி வேறொரு பட்டறையில் எல்லாம் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். டர்போ நன்றாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறது, இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. ஹெட்டை இறக்கி அளந்ததில் லைனர் வரம்புக்குள் இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் தேய்மானக் கோடு இல்லை. ஆக ரிங் மாற்றி, பேரிங் மாற்றி, ஹெட் வேலை பார்த்தால் போதும் என்கிறார்கள். பட்டறை மொழியில் அரை எஞ்சின். தொகை 82,000.

எண்ணூரிலிருந்து ஒருவர் மறுக்கிறார்: "பிரித்தது பிரித்தாயிற்று, லைனரையும் மாற்றிவிடுங்கள், இரண்டாவது முறை பிரித்தால் கூலி இரட்டிப்பு." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு விடை அளவில்தான் கிடைக்கும். லைனரின் தேய்மானம் வரம்பின் நடுவில் இருந்தால் விட்டுவிடலாம். ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள். "நன்றாகத்தான் இருக்கிறது" என்பதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சாமான்களை நீங்களே வாங்குங்கள். ரிங், மெயின் பேரிங், கனெக்டிங் ராட் பேரிங், ஹெட் கேஸ்கட், ஆயில் சீல் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். சீல் உடையாத பெட்டி, ஜி.எஸ்.டி. பில். புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வண்டியின் இடது கதவு அங்கிருந்து வந்ததுதான். கதவு, கண்ணாடிச் சட்டம், பம்பர், சீட் வாங்கலாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் சேரும் எதையும் பழையதாக வாங்கக் கூடாது.

கூலி தனி, லேத் வேலை தனி, சாமான் தனி என்று மூன்று வரியாக மதிப்பீடு கேளுங்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்டிங் கடைக்கு அனுப்புங்கள். ஒரு நாசில் ஒழுகினாலே டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிவிடும், புது ரிங்கும் சீக்கிரம் போய்விடும். இரண்டு சிலிண்டர் மட்டும் தேய்ந்தது ஏன் என்பதற்கு அங்கே பதில் கிடைத்தாலும் கிடைக்கும். ஏர் ஃபில்டர் உறையையும் அதன் ஹோஸ் கிளிப்பையும் பாருங்கள், மணலிச் சாலையின் தூசி உள்ளே போயிருந்தால் அதுவும் ரிங்கைத் தின்னும். காரணத்தைப் பார்க்காமல் ரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டும் இதே கேள்வியை எழுதுவீர்கள்.

கழற்றிய பழைய சாமானை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். எடைக்குப் போட்டால் காப்பிக் காசு வரும். மாற்றினார்கள் என்பதற்கு அத்தாட்சியும் அதுதான்.

செப்டம்பர் 26

நகை. நேற்றிலிருந்து இதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள், எழுதுகிற அத்தனை பேரும் ஆண்கள்.

"தொட மனமில்லை" என்று தம்பி எழுதினார். நல்ல மனம். ஆனால் அந்த அம்மாவிடம் கேட்டாரா? இரண்டு தவணை பாக்கி இருப்பது அவருக்குத் தெரியுமா? பல வீடுகளில் கடன் விவரம் மனைவிக்குத் தெரிய வருவதே நகை கேட்கும் நாளில்தான். அப்போது அவர் அழுதால் "புரிந்துகொள்ளவில்லை" என்கிறார்கள். முதல் நாளே நோட்டை எடுத்து வைத்துக் காட்டியிருந்தால் வேறு வழி அவரே சொல்லியிருக்கலாம்.

கணக்குக்கு வருகிறேன். இதை எழுதிய 2024 செப்டம்பரில் சவரன் 56,000 ரூபாயைத் தாண்டி நின்றது. அப்போதைய ரிசர்வ் வங்கி விதிப்படி நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்றிருந்தது. சவரனுக்குச் சுமார் 40,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டு சவரனில் அரை எஞ்சின் வேலை முடிந்துவிடும். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்தாலும் மாதம் 800. தண்டலில் அதே தொகைக்கு நாளுக்கு 940 ரூபாய். முதலாவது வட்டி மட்டும், இரண்டாவது அசலும் சேர்ந்தது என்று ஒருவர் திருத்துவார். சரி, சேர்த்தே பார்த்தாலும் நூறு நாளில் தண்டலுக்கு 14,000 ரூபாய்க்கு மேல் வட்டி, நகைக்கு 2,700.

நகை அவருடையது. அவர் மாட்டேன் என்றால் அதோடு பேச்சு முடிந்தது, வேறு வழி பார்க்க வேண்டும். சரி என்றால் அடகுச் சீட்டு அவர் பெயரில், அவர் கையில் இருக்கட்டும். மீட்கும் தேதியையும் அவரே எழுதட்டும்.

செப்டம்பர் 29

கடன்களின் வரிசை. பலர் யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள். கைமாற்று வாங்கிய மச்சான் வீட்டு வாசலில் வந்து நின்றால் அவருக்கு, வங்கி குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினால் அதற்கு அடுத்த மாதம். நான் இரண்டு கேள்வி கேட்பேன்: கட்டாவிட்டால் எதை எடுத்துக்கொண்டு போவார்கள்? நாளாக ஆக எவ்வளவு வேகமாக வளரும்?

வண்டிக் கடன் வண்டியையே எடுக்கும், வண்டி போனால் மற்ற கடனை அடைக்கும் வருமானமும் போகும். ஆகவே அது முதல். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு ஒன்றிரண்டு தவணை கட்டினால் பழைய நிலைக்கு வராது, பாக்கி முழுவதையும் கட்டினால்தான் வரும். தம்பிக்கு இரண்டு தவணை நிற்கிறது. முழுவதும் கட்ட முடியாவிட்டாலும் மிகப் பழையது 90ஐத் தொடுவதற்குள் ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

கணக்கு விவர அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை விட்டது. தவணை தவறினால் அபராதக் கட்டணம் போடலாம். அதை வட்டி விகிதத்தோடு கூட்டக் கூடாது, அந்த அபராதத்தின் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது. புதிய கடனுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், பழைய கடன்களை 2024 ஜூன் 30க்குள் இதற்கு மாற்றியிருக்க வேண்டும். ஜூலைக்குப் பிறகும் "பீனல் இன்ட்ரஸ்ட்" என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு ஓடியது. கடிதம் கொடுத்தோம், அடுத்த அறிக்கையில் காணாமல் போனது. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, பரவாயில்லை.

கிரெடிட் கார்டு கடைசி. அவர்கள் வண்டியைத் தூக்க முடியாது.

செப்டம்பர் 30

பெரம்பூர் நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: "மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடுகிற கார்டைக் கடைசியில் வைக்கச் சொல்கிறீர்களே?" சொன்னதை முழுமையாக்குகிறேன். 70,000 ரூபாய்க்கு மூன்றரை சதவீதம் என்றால் 2,450, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மாதம் 2,891. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்றால் 3,500 கட்டச் சொல்வார்கள். அதில் 609 ரூபாய்தான் அசலில் கழியும். அப்படியே கட்டிக்கொண்டிருந்தால் பேரன் கல்யாணம் வரை கார்டு இருக்கும்.

எடுத்துக்கொண்டு போகிறவர் வரிசையில் அது கடைசி, வளர்கிற வரிசையில் தண்டலுக்கு அடுத்தது. ஆகவே கார்டை இனி தேய்க்காமல் பீரோவில் பூட்டிவிட்டு, நிற்கும் தொகையை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வட்டி பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. டீசல் போட மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பதும் வேண்டாம். பாக்கி நிற்கும் கார்டில் புதிதாகப் போடும் டீசலுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும்.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

எஞ்சின் ஏறிவிட்டது, புகை இல்லை என்று செய்தி. நல்லது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லோடுதான், ஏற்றத்தில் கியரை இறக்கி ஓட்டுங்கள். அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டிய எஞ்சினா என்று பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று எல்லாப் பட்டறையும் பூட்டு. வாழைக்கன்று கட்டுங்கள், மாலை போடுங்கள், ஆனால் ரேடியேட்டர் முகப்பை முழுக்க மூடிக்கொண்டு புழல் பைபாஸில் போகாதீர்கள். காற்றுப் போகாமல் எஞ்சின் சூடாகும். போன ஆண்டு ஒருவர் மூன்று நாள் மாலையோடு ஓடிவிட்டு, தண்ணீர் கொதிக்கிறது என்று நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறைக்கே வந்தார். மெக்கானிக் மாலையைக் கழற்றிவிட்டுக் கட்டணம் வேண்டாம் என்றார். அப்படியும் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று பதிவு செய்து வைக்கிறேன். பூசணிக்காயை உடைத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள், பின்னால் இரு சக்கர வண்டிக்காரர்கள் வருகிறார்கள்.

அக்டோபர் 16

மழை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். லாரிக்கு அந்தப் பாலம் கிடையாது.

வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர்ப் பக்கம் இதைச் செய்துதான் பல எஞ்சின்கள் போயின. ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பாட்டரியைக் கழற்றுங்கள். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். பிறகே இழுத்துச் செல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் அதைத் தனிச் சேதமாகப் பார்த்து இழப்பீட்டை மறுப்பது வழக்கம்.

எஞ்சினுக்குள் போகாவிட்டாலும், சக்கரம் மூழ்கியிருந்தால் சக்கர நடுவில் இருக்கும் ஹப் கிரீஸ், பின் அச்சின் கிரௌன் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றையும் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. இன்று ஆயிலுக்குப் போகும் பணம், விட்டால் தைப் பொங்கலுக்குள் பேரிங்குக்குப் போகும்.

நவம்பர் 8

தம்பிக்கு வசூல் ஆட்களிடமிருந்து இரவு ஒன்பதரை மணிக்கு அழைப்பு. செப்டம்பரில் ஒரு தவணை கட்டியும் இன்னும் பாக்கி நிற்கிறது, வண்டி பட்டறையில் நின்ற நாட்களின் விளைவு.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருக்கிறது. அழைத்த நேரத்தின் திரைப்பதிவை எடுத்து வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

வழியில் வண்டியை மறித்தால் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைகலப்பு வேண்டாம், காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். வண்டியில் இருக்கும் சரக்கு உங்களுடையது அல்ல என்பதை உடனே சொல்லுங்கள், சரக்குக்காரருக்கும் போன் செய்யுங்கள்.

அதே நேரம் நிறுவனத்தின் போனை எடுக்காமல் இருப்பது தவறு. பகலில் கிளைக்குப் போய், எந்தத் தேதியில் எவ்வளவு தர முடியும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள். பெரிய தொகையை எழுதிவிட்டுத் தவறினால் அடுத்த முறை உங்கள் தாளை யாரும் வாங்க மாட்டார்கள்.

நவம்பர் 9

"சட்டம் பேசினால் தண்டல்காரர் கேட்பாரா?" என்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே தெருவில் இருக்கும்போது எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

டிசம்பர் 3

ஃபெங்கல் புயல் மழையில் இரண்டு நாள் லோடு இல்லை. உட்கார்ந்து தம்பி அனுப்பிய நோட்டைப் பார்த்தேன். கடன் கடன் என்கிறாரே, ஒரகடத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் இவருக்கு வர வேண்டிய வாடகை மட்டும் 1,12,000 ரூபாய் நிற்கிறது! மூன்று மாதப் பழைய பில்லும் அதில் இருக்கிறது. இவர் 16 சதவீதத்துக்குக் கடன் வாங்கி அவருக்கு வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அரை எஞ்சின் செலவை விட இது பெரியது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய விவரம், அவரும் சொல்லவில்லை.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், இலவசம். லாரி வாடகைத் தொழிலும் அதில் வரும். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். இதனால் மார்ச் நெருங்கும்போது பெரிய நிறுவனங்களின் ஆடிட்டர்களே பாக்கியைத் தேடிக் கொடுக்கச் சொல்கிறார்கள். "கேட்டால் லோடு கொடுக்க மாட்டார்கள்" என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால் நாங்கள் சண்டை போடுவதில்லை. பில்லில் எண்ணை அச்சிட்டு, மாதம் இருமுறை பாக்கிப் பட்டியலை மரியாதையாக அனுப்புகிறோம். பட்டியல் அனுப்புகிறவருக்கு முதலில் பணம் வருகிறது, காரணம் எளிது: கணக்காளர் மேசையில் அந்தத் தாள் மேலே இருக்கிறது.

பத்து லாரிக்கு மேல் இல்லாதவர்கள் பான் எண்ணோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடிக்கத் தேவையில்லை. தம்பிக்குப் பிடித்திருக்கிறார்கள். கடிதத்தை உடனே கொடுங்கள், பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள்.

2025 ஜனவரி 20

எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, புதுப்பிக்கும் நாள் வருகிறது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும். 2016 மாடல் என்பதால் இனி ஒவ்வோர் ஆண்டும் இந்தச் செலவு உண்டு. மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பதிவு பெற்ற ஏலச்சீட்டில் சின்னதாக ஒன்று போட்டு எஃப்.சி. மாதத்தில் எடுப்பது எங்கள் வழக்கம். ஏலத்தில் தள்ளுபடி போகும், ஆனால் வீட்டில் வைத்தால் மொய்க்குப் போய்விடும்.

எஃப்.சி. என்றதும் பெயின்ட் அடிக்க ஓடுகிறார்கள். பெயின்ட் அடியுங்கள், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதற்கு முன் பிரேக். தினமும் காலையில் பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டாங்கின் வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுகிறீர்களா? சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், மழை மாதத்தில் ஒரு டம்ளர் அளவுக்குக்கூட வரும். தண்ணீரோடு ஆயிலும் சேர்ந்து வந்தால் கம்ப்ரஸரைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றழுத்த முள்ளைக் கவனியுங்கள், சும்மா நிற்கும்போதே மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை நான்கு பக்கமும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எஃப்.சி. காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

மார்ச் 14

ஒரகடம் ஒப்பந்தக்காரர் 90,000 கொடுத்துவிட்டாராம். நகையை மீட்டாயிற்று. அந்த அம்மா சீட்டைத் திரும்பக் கொடுக்கும்போது, "அடுத்த முறை எஞ்சினைக் கேட்பதற்கு முன் என்னைக் கேளுங்கள்" என்றாராம். எனக்குப் பிடித்துவிட்டது. தவணை பாக்கி ஒன்று இன்னும் நிற்கிறது, கார்டு மாதத் தவணையில் ஓடுகிறது.

இதற்கிடையே மீஞ்சூரிலிருந்து ஒருவர், கடைசித் தவணை கட்டிவிட்டேன், இனி என்ன என்று கேட்கிறார். கட்டியதோடு முடியவில்லை. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும், அடமானம் முடிந்ததைச் சொல்லும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்குங்கள். கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகளைக் கேட்டுத் திரும்ப வாங்குங்கள், வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் உத்தரவையும் நிறுத்துங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பை நீக்குங்கள். சான்றுக்குக் காலக்கெடு உண்டு, அலமாரியில் வைத்தால் மறுபடி அலைய வேண்டும். அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்கும் போய் பாலிசியில் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால், நாளை இழப்பீடு வரும்போது பணம் அவர்கள் பெயருக்கே போகும்.